ஈறு மேல் உட்காரும் பக்கம்

முதல் போல்ட் பாதியில் முறிந்து என் கையோடு வந்துவிட்டது.

நான் படகின் மேல்தளத்தில் குப்புறப் படுத்திருந்தேன். எனக்கு நேர் கீழே, அறைக்குள், சித்தி நட்டில் ஸ்பானரை மாட்டிப் பிடித்துக்கொண்டு தன் படுக்கைமேல் மண்டியிட்டிருந்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் நாலு விரல் தடிமனில் மரமும் பெயின்டும்.

"என்னடி, வந்துடுச்சா?"

"வந்துடுச்சு சித்தி. பாதி."

"மீதி?"

"உங்க பக்கம் இருக்கணும்."

கீழே ஸ்பானர் மரத்தில் உரசியது. "ஆமா, இருக்கு. ஸ்பானர்ல மூக்குத்தி மாதிரி தொங்குது."

கையில் வந்த துண்டைத் திருப்பிப் பார்த்தேன். தலைப் பக்கம் என் சுண்டுவிரல் அளவு இருந்தது. உள்ளே போகப்போக உப்புத் தண்ணீர் அரித்து அரித்து, நடுவில் தையல் ஊசி அளவுதான் மிச்சம். இந்த போல்ட் பிடித்திருந்தது முன்பக்கக் கிளீட்டை. படகைக் கரையோடு கட்டும் கயிற்றை இதில்தான் சுற்றுவார்கள். இரண்டு பக்கமும் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்க்கக் கிளீட்டுக்கு ஒரு குறையும் தெரியாது. போன வருடத்துப் புயல்களில் எல்லாம் படகு இந்த ஊசியில்தான் தொங்கியிருக்கிறது. உள்ளே சித்தி தூங்கியிருக்கிறாள்.

சித்தி அம்மாவின் தங்கை. நகரப் பேருந்து ஓட்டுகிறாள். இரண்டு வருடம் முன்பு வாடகை அறையைக் காலி செய்துவிட்டு, என்னைவிட வயதான இந்தப் பாய்மரப் படகுக்குக் குடிவந்தாள். "ஸ்டியரிங் பிடிச்சுப் பழகின கை, சும்மா இருக்காது" என்று மட்டும் காரணம் சொன்னாள். அம்மா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

இப்போது துறைமுக அலுவலகம் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. படகுத்துறையில் கட்டியிருக்கும் பழைய படகுகள் எல்லாவற்றுக்கும் சோதனை. மேல்தளத்தில் தண்ணீர் அடிப்பார்கள், உள்ளே ஒரு சொட்டு விழக்கூடாது. கிளீட்டுகளில் கயிறு மாட்டி இழுப்பார்கள், எதுவும் அசையக்கூடாது. தேறாத படகைக் கிரேனால் தூக்கி அலுவலகத்தின் பின்முற்றத்தில் வைத்துவிடுவார்கள். அங்கே படகை அறுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பின்முற்றத்துக்குப் போன படகு திரும்பத் தண்ணீருக்கு இறங்கியதாக யாரும் சொன்னதில்லை. சோதனை செய்யும் ஆய்வாளருக்குத் துறையில் வைத்த பெயர் வடிகட்டி.

பட்டறைகளில் கேட்டுப் பார்த்தோம். எல்லோருக்கும் கை நிறைய வேலை, சோதனை முடிந்த பிறகுதான் முறை வரும் என்றார்கள். நான் பகலில் பல் செட்டு செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். மாலையில் படகு பழுதுபார்க்கும் வகுப்புக்குப் போகிறேன். "நானே மாத்திடறேன் சித்தி" என்று சொல்லிவிட்டேன். சொல்லி வாயை மூடுவதற்குள் பயம் வந்துவிட்டது.

"உறுதியா?" என்று சித்தி கேட்டாள்.

"பார்த்துட்டு சொல்றேன்."

"எதைக் கேட்டாலும் இதையே சொல்லு. சாப்பிட்டியான்னு கேட்டாக்கூடப் பார்த்துட்டு சொல்றேன்னுதான் சொல்வே" என்று சித்தி சிரித்தாள். ஆனால் அன்றைக்கே படகுச் சாவியில் இன்னொன்று எனக்காகச் செய்து கொடுத்துவிட்டாள்.

மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி, நடுவில் மரம் என்றால் பேசுவது பாதி காதில் விழாது. அதனால் பேருந்து மணியையே வைத்துக்கொண்டோம். தளத்தில் ஒரு தட்டு தட்டினால் நில். இரண்டு தட்டு தட்டினால் போகலாம். சில போல்ட்டுகள் எத்தனை தட்டியும் நகரவில்லை. அவற்றிடம் சித்தி தன் வேலை மொழியில் பேசுவாள்: "கடைசி ஸ்டாப்பு வந்தாச்சு, இறங்கு. இறங்குப்பா, வண்டி ஷெட்டுக்குப் போகணும்."

பக்கத்துப் படகில் ஒரு எலெக்ட்ரீஷியன் குடியிருந்தார். டீக் கோப்பையோடு வந்து எங்களை வேடிக்கை பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டார்.

"பல்லு டாக்டரே, சொத்தை எத்தனை?"

"எல்லாமேண்ணா."

"அப்ப மொத்தமாப் புடுங்கிட்டு செட்டு கட்டிடுங்க."

அதைத்தான் செய்தேன். பழைய கிளீட்டுகள், பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் கம்பிகள் வந்து மாட்டும் தட்டுகள், கைப்பிடிக் கம்பிகளின் அடிகள், எல்லாவற்றையும் கழற்றினேன். ஒவ்வொன்றையும் கழற்றிய இடத்தின் அடையாளத்தோடு தனித்தனிப் பையில் போட்டேன். நனைந்து ஊறியிருந்த ஓட்டைகளைப் பெரிதாகத் துளைத்து, காயவைத்து, ரெசின் ஊற்றி அடைத்து, அது இறுகிய பிறகு புதிதாகத் துளைத்தேன். இதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. சரியாக நடந்துகொண்டிருந்தால் நான் நம்பமாட்டேன், பைகளைத் திரும்ப எண்ணுவேன்.

புதிய சாமான் பின்முற்றத்திலிருந்தே கிடைத்தது. அங்கே அறுத்துப் போட்ட ஒரு பெரிய படகின் வெண்கலக் கிளீட்டுகளும் தட்டுகளும். பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தன, ஆனால் தட்டினால் மணி மாதிரி சத்தம் கேட்டது. "அங்க போனது திரும்பி வராதுன்னாங்களே, இதோ வருது பாரு" என்று சித்தி அவற்றைப் பேருந்தில் தன் சீட்டுக்குப் பின்னால் வைத்துக் கொண்டுவந்தாள்.

நான் அவற்றை லேபுக்கு எடுத்துப்போனேன். பல் செட்டுக்குக் கடைசிப் பளபளப்பு ஏற்றுவதுதான் அங்கே என் வேலை. சாப்பாட்டு இடைவேளையில் எல்லாவற்றையும் பாலிஷ் சக்கரத்தில் பிடித்தேன். முதலாளி எட்டிப் பார்த்தார்.

"இது யார் வாய்க்கும்மா?"

"சித்தி படகுக்கு சார்."

"படகுக்கு ஈறு நல்லா இருக்கான்னு பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜோக் என்று நினைத்துச் சிரித்தேன்.

மாட்டி முடித்தபோது படகு வேறு படகாக இருந்தது. தண்ணீர் புகாமல் தடுக்கும் பசை தடவி, வைத்து, போல்ட் போட்டு இறுக்கினோம். பசை காய நாலு நாள் விட்டோம். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் எலெக்ட்ரீஷியன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து, "கண்ணு கூசுது டாக்டரே" என்றார். சித்தி முன் கிளீட்டில் முகம் பார்த்துத் தலை வாரினாள்.

அடுத்த சனிக்கிழமை சோதனை. அதற்கு முன் நாங்களே ஒருமுறை தண்ணீர் அடித்துப் பார்த்துவிடலாம் என்றேன். எலெக்ட்ரீஷியன் மேலே ஹோஸ் பிடித்தார். உள்ளே தரை, படுக்கை எல்லாவற்றிலும் செய்தித்தாள் விரித்து, டார்ச்சோடு நான் மல்லாந்து படுத்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு முன் கிளீட்டின் போல்ட் முனையில் ஒரு முத்து திரண்டது. அது கனத்து, யோசித்து, சித்தியின் தலையணையில் விழுந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. பக்கத்துக் கிளீட்டில் ஒன்று. கம்பித் தட்டில் கோடாகவே வழிந்தது. நான் மாட்டியவற்றில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

"மழைக்காலம் சீக்கிரம் வந்துடுச்சு போல" என்றாள் சித்தி.

நான் டார்ச்சை அணைத்தேன். அவள் தலையணையை எடுத்துத் தள்ளி வைத்தாள். ஆணியில் தொங்கிய பேருந்துச் சீருடையை மடித்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை முடிந்தாள். பிறகு, "சரி, தூக்கிட்டாங்கன்னா அக்கா வீட்டுக்கு வந்துடறேன். உன் ரூம்ல பாதி எனக்கு" என்றாள்.

அம்மாவும் சித்தியும் ஒரே சமையலறையில் இரண்டு நாள் சேர்ந்து இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாள் பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டன. ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது அது இல்லை. அந்தப் பிளாஸ்டிக் பையின் முடிச்சு. அவள் ஏற்கெனவே மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

மேலே போய் முன் கிளீட்டைக் கழற்றினேன். நெம்ப வேண்டிய தேவையே இருக்கவில்லை. கீழே சித்தி நட்டை எடுத்ததும் கையோடு வந்தது. அடியில் பசை முழுசாக, ஒரு தோல் மாதிரி உரிந்து வந்தது. கிழியவில்லை, ஒட்டியிருந்த தடம்கூட இல்லை. கிளீட்டின் அடிப்பக்கத்தில் என் முகம் தெரிந்தது.

அடிப்பக்கத்தையும் பாலிஷ் போட்டிருக்கிறேன்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். லேபில் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுத்தது: பல் செட்டின் வெளிப்பக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பளபளப்பாக்கு, ஈறு மேல் உட்காரும் பக்கத்தைத் தொடாதே. தொட்டால் செட்டு நிற்காது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வகுப்பிலும் பசை தடவும் இடத்தைச் சொரசொரப்பாகத் தேய்க்கச் சொன்னார்கள், அதையும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டும் தெரிந்த ஒருத்தி, பளபளவென்று இருக்க வேண்டும் என்ற ஆசையில் எல்லாப் பக்கமும் சக்கரத்தில் காட்டியிருக்கிறாள். படகுக்கும் ஈறு உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. முதலாளிக்குத் தோன்றியிருக்கிறது.

"என்னடி, ஏதாவது வழி இருக்கா?" உள்ளிருந்து சித்தி கேட்டாள்.

"பார்த்துட்டு சொல்றேன்" என்றேன். இந்த முறை நிஜமாகவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தளம் ஈறு என்றால், அது தட்டையாக இருக்காது. கையை வைத்துத் தடவினேன். நடுவில் உயர்ந்து ஓரத்துக்குச் சரியும் லேசான வளைவு. கிளீட்டின் அடியோ பலகை மாதிரித் தட்டை. லேபில் இதற்கு ஒரு நீலத்தாள் உண்டு. மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். எங்கே முட்டுகிறதோ அங்கே நீலம் ஒட்டும். மறுநாள் ஒரு கட்டு வாங்கிவந்து, கிளீட்டுக்கும் தளத்துக்கும் நடுவில் வைத்து இறுக்கினேன். எடுத்துப் பார்த்தால் இரண்டே இரண்டு நீலப் பொட்டு. மற்ற இடமெல்லாம் காற்று. வெறும் பசையை நம்பி அந்தரத்தில் உட்காரவைத்திருக்கிறேன். சொரசொரப்பாகத் தேய்த்திருந்தால்கூட இந்தக் கிளீட் முதல் இழுப்பில் ஆடியிருக்கும்.

வேலை அப்போது எனக்குத் தெரிந்த வேலையாக மாறியது. ஒவ்வொரு கிளீட்டின் அடியையும், ஒவ்வொரு தட்டின் அடியையும் முரட்டு உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கினேன். இவ்வளவு நாள் பளபளப்பாக்கிய கை மங்கலாக்கக் கூசியது. பிறகு கெட்டியான ரெசினைக் குழைத்து, ஒட்டாமலிருக்கத் தளத்தில் மெழுகு தடவி, அதன்மேல் ரெசினை அப்பி, கிளீட்டை வைத்து லேசாக அமுக்கி விட்டேன். இறுகியதும் எடுத்தால், மேலே கிளீட்டுக்கும் கீழே தளத்துக்கும் சரியாகப் பொருந்துகிற ஒரு திண்டு கிடைக்கும். ரெசினும் அதை இறுகவைக்கும் பாகமும் இரண்டுமே வெள்ளை, சமமாகக் கலந்ததா என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் லேபில் ஈறுக்குப் போடும் ரோஸ் பொடியைக் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சேர்த்தேன். நிறம் ஒரே மாதிரி வரும்வரை குழைத்தால் போதும்.

திரும்ப நீலத்தாள் வைத்து இறுக்கினேன். இந்த முறை தாளை எடுத்தபோது திண்டு முழுவதும் நீலமாக இருந்தது. நம்பிக்கையில்லாமல் இன்னொரு தாள் வைத்துப் பார்த்தேன். அதுவும் நீலம்.

மெழுகைத் துடைத்துவிட்டு, புதுப் பசை தடவி மாட்டினோம். இம்முறை முழுக்க இறுக்கவில்லை. ஒரேயடியாக இறுக்கினால் பசை பிதுங்கி வெளியே போய்விடும். கைக்கு இறுகும்வரை திருகி, காய விட்டு, கடைசித் திருப்பை மட்டும் பிறகு கொடுக்க வேண்டும். அதுவும் கீழிருந்து நட்டை மட்டும். மேலே போல்ட் அசைந்தால் அதைச் சுற்றி ஒட்டிய பசை அறுந்துவிடும்.

சனிக்கிழமை காலையில் அந்தக் கடைசித் திருப்பு. மேலே ஸ்க்ரூடிரைவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காலால் இரண்டு தட்டு தட்டினேன். கீழே ஸ்பானர் கால்வாசி திரும்பும் சத்தம். ஒரு தட்டு. நின்றது. அடுத்ததற்கு நகர்ந்தேன். இரண்டு தட்டு. ஒரு வார்த்தை பேசாமல் படகு முழுவதையும் சுற்றி வந்தோம். ஒரு போல்ட்கூட என் கையில் அசையவில்லை.

ஆனால் தண்ணீர் அடித்துப் பார்க்க நேரமில்லை. பசை காய்ந்து முடித்ததே அன்று காலையில்தான். ஒழுகுமா ஒழுகாதா என்பது வடிகட்டிக்குத் தெரியும்போதுதான் எங்களுக்கும் தெரியும்.

அவர் ஒல்லியான, அமைதியான மனிதர். மூக்கின் நுனியில் கண்ணாடி. குனிந்து முதல் கிளீட்டைப் பார்த்தார், விரலால் திண்டைத் தடவினார்.

"இது என்னம்மா ரோஸ் கலர்ல?"

"ஈறு சார்."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் லேப், வகுப்பு, வளைவு, நீலத்தாள், ரோஸ் பொடி, சமமாகக் கலப்பது என்று ஆரம்பித்துவிட்டேன். சித்தி என் இடுப்பில் இடித்தாள். "சார் கேட்டதுக்கு மட்டும் சொல்லு. கேக்காத ஸ்டாப்புல எல்லாம் நிறுத்தாதே."

ஆய்வாளரின் ஆள் ஹோஸைத் திறந்தார். ஆய்வாளர் உள்ளே போய்ப் பழுப்புக் காகிதம் விரித்து, சித்தியின் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தார். எங்களை உள்ளே விடவில்லை. தண்ணீர் தளத்தில் அறைந்து, ரோஸ் திண்டுகளைச் சுற்றி ஓடி, ஓரத்தில் கொட்டியது. நான் சித்தியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேருந்தில் பிரேக்கில் வைக்கிற மாதிரி வலது கால் பலகையை அழுத்திக்கொண்டிருந்தது.

அவர் வெளியே வந்தார். கையில் காகிதம். இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார். விரித்தது போலவே காய்ந்து மொடமொடவென்று இருந்தது.

சித்தி காலை எடுத்தாள்.

"இன்னும் இழுவை இருக்கு" என்றார் அவர்.

முன் கிளீட்டில் தடித்த கயிறு மாட்டி, அதைச் சங்கிலிக் கப்பியோடு இணைத்து, கப்பியின் மறுமுனையைப் படகுத்துறைப் பலகையில் பதித்த இரும்பு வளையத்தில் மாட்டினார்கள். கப்பியில் இழுவையைக் காட்டும் ஒரு முள் இருந்தது. சிவப்புக் கோடு வரை அது போய் நிற்க வேண்டும். ஆள் சங்கிலியை இழுக்க இழுக்கக் கயிறு விறைத்தது. படகின் மூக்கு துறைப் பக்கம் தலைசாய்த்தது. முள் சிவப்பை நெருங்கும்போது எங்கோ மரம் முனகியது. படக்கென்று ஒரு சத்தம்.

கண்ணை மூடிவிட்டேன். பிறகு ஏதோ தண்ணீரில் விழுந்தது.

கண்ணைத் திறந்தபோது கிளீட் அதே இடத்தில், ரோஸ் ஈறின் மேல், காலையில் விட்ட மாதிரியே உட்கார்ந்திருந்தது. கயிறு தொய்ந்து கிடந்தது. படகுத்துறைப் பலகையில், வளையம் இருந்த இடத்தில், ஒரு ஓட்டைதான் இருந்தது.

ஆய்வாளர் மண்டியிட்டு ஓட்டைக்குள் விரலை விட்டார். முறிந்த போல்ட் துண்டு ஒன்று வெளியே வந்தது. தலை தடியாக, நடுவில் அரித்து ஊசியாக. என்னிடம் பையில் இருப்பதன் கூடப்பிறந்தது போலிருந்தது.

பக்கத்துப் படகிலிருந்து எலெக்ட்ரீஷியன் குரல் கொடுத்தார்: "சார், அப்ப துறையைக் கிரேன்ல தூக்கிடலாமா? பின்னாடி இடம் இருக்கு."

வடிகட்டி சிரித்து நான் பார்த்ததில்லை. துறையில் யாரும் பார்த்ததில்லை என்றார்கள். இப்போது வாய் ஓரம் மட்டும் கொஞ்சம் விலகியது. கப்பியைக் கரையிலிருந்த கான்கிரீட் தூணுக்கு மாற்றச் சொன்னார். முள் சிவப்பைத் தொட்டது, தாண்டியது, நின்றது. கிளீட் அசையவில்லை. அடுத்த கிளீட், கம்பித் தட்டுகள், கைப்பிடி அடிகள் என்று ஒன்றுவிடாமல் இழுத்தார். ஒன்றும் அசையவில்லை. சோதனையில் தேறியதற்கான பச்சை நிற வில்லையை அவரே தன் கையால் பாய்மரத்தில் ஒட்டினார். போகும்போது என் பக்கம் திரும்பி, "துறை முழுக்க வளையம் இருக்கும்மா. உங்க வகுப்புல சொல்லி வை. அந்த ரோஸும் கொஞ்சம் நிறையவே வேணும்" என்றார்.

சித்தி உள்ளே போனாள். பிளாஸ்டிக் பையின் முடிச்சை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. சீருடை பழையபடி ஆணிக்குப் போயிற்று. வெளியே வந்து, "எதுக்கு நிக்கறே? காத்து நல்லா இருக்கு, கயிறை அவுரு" என்றாள்.

"இப்பவேயா?"

"இழுத்துப் பார்த்தது அவர். ஓட்டிப் பார்க்கறது நாம."

முன்னால் போய்க் குனிந்தேன். கிளீட்டிலிருந்து கயிற்றை அவிழ்த்தேன். பின்னால் சித்தி சுக்கானைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் பின்பக்கம் பார்க்கிற மாதிரி ஒருமுறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தாள். நான் ஸ்பானரால் தளத்தில் இரண்டு தட்டு தட்டினேன்.

"ரைட்" என்றாள் சித்தி.

பாய் ஒரு உதறு உதறி, நிமிர்ந்து, வயிறு முட்டக் காற்றை வாங்கியது. கம்பிகள் விறைத்தன. அத்தனை இழுப்பும் அந்த ரோஸ் திண்டுகளின் மேல் வந்து இறங்குவதைக் காலுக்கடியில் உணர்ந்தேன். படகு ஒருபக்கம் சாய்ந்து, துறையை விட்டுப் பாய்ந்தது. சித்தி வாய்விட்டுச் சிரித்தாள். ஸ்டாப்பே இல்லாத ரோடு கிடைத்த சிரிப்பு.

துறையின் முனைக்கு ஓடிவந்த எலெக்ட்ரீஷியன் கைகளைக் குவித்துக் கத்தினார்: "டாக்டரே, செட்டு ஆடுதா?"

குனிந்து பார்க்கவில்லை. விரல் வைத்துத் தொட்டும் பார்க்கவில்லை.

"ஆடாதுண்ணா" என்றேன்.